கரையில் நின்று எழுதும் வரலாறு

வரலாறு என்பது நிலத்தில் மட்டுமே நிகழ்ந்தது என்னும் எண்ணம் நம் கல்வியுலகில் ஆழ வேரூன்றியுள்ளது. கல்வெட்டு நிலத்திலே கிடைக்கின்றது. கோயிலும் பள்ளிவாசலும் நிலத்திலே நிற்கின்றன. வயலும் குளமும் வாய்க்காலும் நிலத்துக்குரியன. ஆகவே வரலாற்று மாணவன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தையே நோக்கி நிற்கின்றான். மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை நீண்டுகிடக்கும் அம்பாறைக் கரையிலே, அலையின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்த நாமும் இந்நிலைக்கு விலக்கானவர்களல்லர். கடலை நாம் மீனுக்காக அறிவோம். இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை 2004 டிசம்பர் 26இல் அது கொண்டுபோன பின்னர், அச்சத்துக்காகவும் அறிவோம். அறிவுக்காக அதனை அறிய நாம் முயன்றதுண்டா?

இக்கட்டுரை ஒரு வழக்கை முன்வைக்கின்றது. ஆழங் குறைந்த முருகைக் கற்பாறைகளிடையிலும் கரையோர மணற்றரையிலும் கிடக்கும் மூழ்கிய கப்பல்கள் நமது வரலாற்றின் மூலச் சான்றுகள். அவற்றைப் படிப்பதற்குச் சுழியோடக் கற்பது, ஓலைச்சுவடியைப் படிப்பதற்குப் பழந்தமிழ் எழுத்தைக் கற்பது போன்றதொரு புலமைக் கடமை. இக்கடமையைக் கலைப்பீடத்தினராகிய நாம் ஏற்காதவிடத்து, அந்த ஏட்டைப் பழைய இரும்பு வியாபாரியும் உல்லாசப் பயண முதலாளியும் தமக்குள் பங்கிட்டுக்கொள்வர். பங்கீடு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு.

முதலில் ஒரு சான்றைக் காண்போம். அம்பாறைக் கரையைத் தெற்கே தொடர்ந்து, பாணமை, குமணை, யால ஆகியவற்றைக் கடந்து செல்வோமாயின் கிரிந்தைக்கு அப்பால், நடுக்கடலிலே, பெரிய பாஸ் எனப்படும் பாறைத்தொடர் உள்ளது. சிங்கள மக்கள் அதனை மகா இராவணன் கோட்டை என்பர். 1873 முதல் அங்கே ஒரு வெளிச்சவீடு நிற்கின்றது. 1961 மார்ச் மாதத்தில் மைக் வில்சன் என்பவர் இரு அமெரிக்கச் சிறுவர்களுடன் அங்கே படப்பிடிப்புக்காகச் சுழியோடியபோது, பாறைகளினிடையே பீரங்கிகளையும் வெள்ளி நாணயங்களையும் கண்டார். பைபையாக ஏற்றப்பட்ட நாணயங்கள். பை உக்கிப்போக, உப்பும் சுண்ணமும் இறுக்கிப் பையின் உருவத்திலேயே கட்டியாகிக் கிடந்தன. 1963இல் பீற்றர் துரொக்மோட்டன் என்னும் நீரடித் தொல்லியலாளரோடு மீண்டும் சென்று ஆராய்ந்தனர். வில்சனின் நண்பரான எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1964இல் இதுபற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். நாணயக் கட்டிகளுள் ஒன்று வாஷிங்டனிலுள்ள சுமித்சோனியன் நிறுவனத்துக்குச் சென்றது.

அந்த நாணயங்கள் யாருடையவை? மொகலாயப் பேரரசர் ஒளரங்கசீப்பின் பெயரால் சூரத்து நாணயச்சாலையில் அடிக்கப்பட்டவை. எழுத்துப் பாரசீகம், ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1701-1702. கப்பலின் பெயர் இன்றும் தெரியாது. அது எத்துறைமுகத்துக்குச் சென்றுகொண்டிருந்தது, அதன் மாலுமிகள் யாவர் என்பனவும் தெரியா. அரபெழுத்தை ஏழு வயதிலே ஓதப் பழகும் பிள்ளைகள் நிறைந்த கரையொன்று இப்பாறைத்தொடருக்கு வடக்கே இருக்கின்றது. அக்கரையிலிருந்து ஒருவர்கூட இக்கேள்வியைத் தம்முடையதாகக் கொள்ளாதது ஏன்? வில்சனையும் கிளார்க்கையும் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்கள் இறங்கினார்கள், கண்டார்கள், எழுதினார்கள். நாம் கரையில் நின்றோம்.

நம் முன்னோர் இவ்வாறு நின்றவர்களல்லர். நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் குடிக்கொரு மரைக்கார் இருப்பது மரபு. அச்சொல்லை மரக்கலத்தோடு தொடர்புபடுத்திப் பொருள் கூறுவோர் பலர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் பெயரால் கொடியேற்றப்படுகின்றது. ஓட்டை விழுந்து அமிழவிருந்த கப்பலைக் காத்தவர் என்று மக்கள் போற்றும் பெரியார் அவர். மாலுமிகளின் காவலருக்குக் கொடி ஏற்றும் ஊருக்கு, தன் கடலில் அமிழ்ந்த மாலுமிகளைப் பற்றி ஒரு வரியேனும் தெரியாதிருப்பது முரண்பாடல்லவா? நியூசிலாந்தில், 1836 அளவில், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவிக்கப் பயன்படுத்திய வெண்கலப் பாத்திரமொன்றைக் கிறித்தவ ஊழியரான வில்லியம் கொலன்சோ கண்டெடுத்தார். அது ஒரு கப்பல் மணியின் மேற்பகுதி. முகைதீன் பக்சு என்பாருடைய கப்பலின் மணி என்று அதில் தமிழிலே பொறிக்கப்பட்டுள்ளது. இன்று அது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. கப்பலைக் காணோம், கப்பலுடையாரின் வரலாற்றைக் காணோம். தமிழ் பேசும் முஸ்லிம்களின் கடல் வாணிகம் நமக்கு ஓர் உடைந்த மணியளவிலேயே எஞ்சியிருக்கின்றது. எஞ்சியதைத் தேடவேண்டிய இடம் நூலகம் மட்டுமன்று, கடலடியுமாகும்.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய கேள்வியுமன்று. போர்த்துக்கேயர் இடித்த திருக்கோணேச்சரத்தின் தூண்களும் சிற்பங்களும் சுவாமி மலையின் அடியில் நீருக்குள் கிடப்பதை 1956இல் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தவர்களும் அதே வில்சனும் கிளார்க்கும்தாம். பாடல் பெற்ற தலத்தின் கற்களைத் தமிழறிஞர் எவரும் நீருக்குள் சென்று தேடவில்லை. மதங்களால் நாம் பிரிந்திருக்கலாம். கடலுக்கு முதுகு காட்டுவதில் ஒன்றுபட்டே இருந்திருக்கின்றோம்.

இனி, எதிர்த்தரப்பினரின் வாதங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

சுழியோடுதல் வசதி படைத்தோரின் விளையாட்டு, மேனாட்டார் கொண்டுவந்த பொழுதுபோக்கு என்பது முதலாவது வாதம். 1943இல் பிரான்சிலே கூஸ்தோவும் கன்யானும் தானே காற்றளிக்கும் சுவாசக் கருவியை ஆக்கியது உண்மை. ஆயின் அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே மன்னார்க் கடலின் முத்துப்பார்களில் தமிழரும் முஸ்லிம்களும், கடல் கடந்து வந்த அரபியரும், கல்லைப் பற்றிக்கொண்டு மூச்சடக்கி இறங்கினர். மேலும், கடலடிக் கண்டுபிடிப்புகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர் ஓர் உண்மையைக் காண்பர். இலங்கையின் தென்கரையில், கொடவாயவுக்கு அப்பால், முப்பது மீற்றருக்கும் சற்றுக் கூடிய ஆழத்தில், ஈராயிரம் ஆண்டுப் பழமையான கப்பலொன்று 2003இல் தெரியவந்தது. இந்துசமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்ட கப்பற் சிதைவுகளுள் மிகப் பழையது அதுவே. கண்டவர்கள் சங்கு குளிக்கும் தொழிலாளர். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே, பதினேழு மீற்றர் ஆழத்தில், ஒன்பதாம் நூற்றாண்டு அரபு மரக்கலமொன்று 1998இல் கண்டறியப்பட்டது. கண்டவர்கள் கடலட்டை எடுக்கும் சுழியோடிகள். ஆணியின்றிக் கயிற்றினால் தைக்கப்பட்ட அக்கலத்தில் ஏறக்குறைய அறுபதாயிரம் சீனப் பாண்டங்கள் இருந்தன. ஒரு வணிக நிறுவனம் அவற்றை அள்ளியெடுத்தது. 2005இல் ஏறக்குறைய 32 மில்லியன் அமெரிக்க டொலருக்கு அவை சிங்கப்பூருக்கு விலையாயின. அவ்வாறு எடுக்கப்பட்ட முறை அறிவுலக நெறிக்கு ஒவ்வாது என்று தொல்லியலாளர் எதிர்த்தமையால், 2011இல் சுமித்சோனியன் நிறுவனம் தன் கண்காட்சித் திட்டத்தைக் கைவிட நேர்ந்தது.

கடலுக்குள் முதலில் இறங்குபவன் உழைப்பாளி. முதலில் காண்பவனும் அவனே. பெயரும் பணமும் பின்னால் வருபவனைச் சேர்கின்றன. இவ்வுழைப்பாளியின் அறிவை அறிவென்று ஏற்காத சமூக அமைப்பே சுழியோடுதலை விளையாட்டென்று பெயரிடுகின்றது.

சுழியோடுதல் உயிராபத்தானது என்பது இரண்டாவது வாதம். ஆபத்து உண்டு என்பதை மறுப்பாரில்லை. அது யாரை வருத்துகின்றது என்பதே கேள்வி. கடல்மட்டத்தில் நம் உடல் தாங்குவது ஒரு வளிமண்டல அமுக்கம். பத்து மீற்றர் இறங்கினால் அது இரண்டாகும். முப்பது மீற்றரில் நான்கு. ஐம்பது மீற்றரில் ஆறு. அமுக்கம் கூடக்கூட நைதரசன் இரத்தத்திலும் இழையங்களிலும் மிகுதியாகக் கரைகின்றது. விரைந்து மேலேறினால், மூடி திறந்த சோடாப் போத்தலில் போன்று அது குமிழிகளாகின்றது. மூட்டு வலி, முடம், மரணம் என விளைவு விரியும். சங்குக்காகவும் கடலட்டைக்காகவும் நாளொன்றுக்குப் பலமுறை, போதிய பயிற்சியின்றி, கணக்கறியாது இறங்கும் ஏழை இளைஞர்களே இதனால் முடமாகின்றனர். அறியாமைதான் அவர்களைக் கொல்கின்றது. அவ்வறியாமையை அகற்றும் கணக்கும் அட்டவணையும் ஆங்கிலத்திலே கிடக்கின்றன. அவற்றைத் தெளிந்த தமிழில் எழுதி நம் மீனவச் சங்கங்களிடம் கையளிப்பது, இன்னுமோர் இலக்கிய விழா எடுப்பதிலும் எவ்வகையிற் தாழ்ந்தது? ஐந்து முதல் பன்னிரண்டு மீற்றர் வரை ஆழமுள்ள பாறைத்தொடர் இதற்கேற்ற பள்ளிக்கூடம். அங்கே ஒளி உண்டு, அமுக்கம் குறைவு, கலனிலுள்ள காற்று நெடுநேரம் நிற்கும். முறைப்படி பயிற்றுவிப்பவரும் துணையும் இருப்பின், கற்போர் பிழைவிட்டும் பிழைத்து வரக்கூடிய ஆழம் அது.

பெண்கள் இதில் ஈடுபடலாமா என்று கேட்போருக்கும் விடையுண்டு. கொரியாவின் ஜேஜுத் தீவில் மூச்சடக்கிச் சுழியோடும் தொழில் பெண்களுடையது. 2016இல் யுனெஸ்கோ அம்மரபை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. கலைப்பீட மாணவருள் பெரும்பான்மையினர் பெண்களாயிருக்க, அவர்களை விலக்கிவைத்து எந்தப் புலமை மரபை நாம் கட்டியெழுப்பப் போகின்றோம்? வழக்கத்தையும் உடையையும் மதித்துப் பெண் பயிற்றுநரைக் கொண்டு இதனை ஒழுங்குசெய்வது இயலாத காரியமன்று.

மூன்றாவது வாதம் முற்போக்குச் சாயல் கொண்டது. ஆதலின் சற்று விரிவாக மறுக்கப்பட வேண்டியது. நம் கரையோரம் மூழ்கிக்கிடப்பவை ஏகாதிபத்தியத்தின் இரும்புகள். அவற்றை உடைத்து விற்று ஏழை பிழைத்துப்போகட்டும் என்று சிலர் கூறுகின்றனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் முந்நூற்றுக்கும் மேற்பட்ட மனிதருடன் அமிழ்ந்தது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. அதனோடு சென்ற வம்பயர் என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் மூழ்கியது. வடக்கே கல்குடாப் பக்கத்தில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்னும் எண்ணெய்க் கப்பல் மூழ்கியது. தெற்கே, அதெல்ஸ்ரேன் என்னும் எண்ணெய்க் கப்பலும் அதற்குத் துணைவந்த ஹொலிஹொக் என்னும் சிறு போர்க்கப்பலும் அமிழ்ந்தன. பதிவிலுள்ள இடக்குறிப்புகளைப் படத்தில் வைத்துப் பார்ப்பின், இவ்விரண்டும் கல்முனை, நிந்தவூர்ப் பக்கத்துக்கு நேர் கிழக்கே விழுகின்றன. உலகப் போர் நம் ஊர் வாசலில் நடந்திருக்கின்றது. நம் பாடநூல்களில் அது ஐரோப்பாவிலும் பேர்ள் துறைமுகத்திலும் மட்டும் நடக்கின்றது.

ஏகாதிபத்தியத்தின் கதையை எழுதுவதற்கே ஏகாதிபத்தியத்தின் சான்று வேண்டும். சான்றை உடைத்து விற்பவன் ஏகாதிபத்தியத்தைத் தண்டிக்கவில்லை. அதன் தடயத்தை அழித்து உதவுகின்றான். இரும்பை அறுக்க வெடி வைக்கும்போது ஏழை பெறுவதும் அற்பக் கூலியே. இலாபம் கொழும்பிலோ கடல் கடந்தோ சேரும். யாவாக் கடலில் நடந்ததைப் பார்க்கட்டும். 1942 பெப்ரவரி 27இல் அங்கே மூழ்கிய ஒல்லாந்தப் போர்க்கப்பல்களைத் தேடி 2016இல் சுழியோடிகள் இறங்கினர். டி றொய்ட்டர், யாவா என்னும் இரு பெருங் கப்பல்களும் முற்றாக மறைந்துபோயிருந்தன. மணலில் கப்பலின் பள்ளம் மட்டும் இருந்தது. ஆயிரக்கணக்கான தொன் இரும்பும் அதற்குள் கிடந்த மனித எலும்புகளும் ஓசையின்றி அள்ளப்பட்டுவிட்டன. நம் கடலுக்கு இது நேராது என்பதற்கு என்ன காப்பு? நம் நாட்டுத் தொல்பொருட் சட்டம் தொன்மைக்கு வரம்பாக 1815 மார்ச் 2ஆம் நாளைக் கொள்கின்றது. யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கையோ நூறாண்டு நீரடியில் கிடந்தவற்றையே கணக்கிலெடுக்கின்றது. 1942இல் அமிழ்ந்தவை அவ்வெல்லையை எட்ட 2042 ஆக வேண்டும். அதற்குள் எத்தனை கப்பல்கள் பள்ளங்களாகும்?

இரும்பை உடைப்பவன் உயிரையும் உடைக்கின்றான். மணற்பாங்கான அடித்தளத்தில் கப்பலின் உடலே பாறையாகின்றது. முருகை உயிரிகள் பற்றுவதற்கு உறுதியான தளம் வேண்டும். இரும்பு அதனை அளிக்கின்றது. பின்னர் சிறுமீன் வருகின்றது; அதனைத் தேடிப் பெருமீன் வருகின்றது; மீனைத் தேடி நம் மீனவன் வருகின்றான். பாறையாய் வளரும் முருகை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றரே வளரும். எண்பது ஆண்டு வளர்ந்ததை ஒரு வெடி ஒரு கணத்தில் துகளாக்கும். சுண்ணாம்புச் சூளைக்காக முருகைக்கல் அகழ்வதை நம் நாட்டுக் கரையோரச் சட்டம் 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தடைசெய்தது. வெடி வைத்து மீன்பிடிப்பதை 1996ஆம் ஆண்டுக் கடற்றொழிற் சட்டம் தடைசெய்கின்றது. கப்பலுக்கு வைக்கும் வெடி முருகைக்கும் வைக்கும் வெடியே. வரலாற்று மாணவனும் விலங்கியல் மாணவனும் ஒரே பொருளைக் காக்க வேண்டியவர்கள் என்பதைப் பீடங்களைப் பிரிக்கும் சுவர்கள் மறைத்துவிட்டன.

நான்காவது வாதம் இன்று மிக உரத்துக் கேட்பது: உல்லாசப் பயணத்துறையிடம் விட்டுவிடுங்கள், அது டொலர் கொண்டுவரும், தானே பாதுகாக்கும் என்பது. ஹிக்கடுவையைப் பாருங்கள். 1979இல் அது பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக்கப்பட்டது. 2002இல் தேசியப் பூங்காவாயிற்று. கண்ணாடி அடித்தளப் படகுகளும் மிதிக்கும் கால்களும் நங்கூரங்களும் அந்த முருகைத் திட்டைப் படுத்திய பாடு யாவரும் அறிந்தது. அவ்வாறு நைந்த திட்டின் பெரும்பகுதியை 1998இல் கடல் வெப்பம் வெளுக்கச் செய்து அழித்தது. பார்க்க வருபவன் நல்லவனாயிருக்கலாம். எனினும் பார்வையை விற்பவனுக்குக் கணக்கு ஒன்றே: இன்று எத்தனை பேர்? கப்பலின் பெயரும், இறந்தோரின் தொகையும், எந்தப் பலகை எங்கே கிடந்தது என்பதும் அவனுடைய கணக்கில் வருவன அல்ல. நினைவுப் பொருளாக ஒரு குண்டின் உறையை ஒருவர் எடுத்துச் செல்ல, ஒரு பீங்கானை மற்றவர் எடுத்துச் செல்ல, ஏட்டின் பக்கங்கள் ஒவ்வொன்றாய்க் கிழிகின்றன. பயணிகள் வரட்டும். அவர்களை வழிநடத்துவோர் இக்கரையின் பிள்ளைகளாய், கடலறிவும் வரலாற்றறிவும் ஒருங்கே பெற்றவர்களாய் இருத்தல் வேண்டும். அவ்வறிவில்லாத இளைஞனுக்கு அத்துறையில் கிடைப்பது காற்றுக்கலன் சுமக்கும் வேலை மட்டுமே.

நம் கரையில் அறிவின்றிக் கடலைக் கையாண்டதன் பயனை ஒலுவிலில் நாள்தோறும் காண்கின்றோம். 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயை மணல் மூடியது. அருகேயுள்ள ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்துத் தென்னந்தோப்புகளைக் கொண்டுபோயிற்று. கடலடி மணல் எப்போது எத்திசையில் நகரும் என்பதைத் தலைமுறைகளாய் அறிந்த கரைவலைக்காரர் அவ்வூர்களிலேயே இருக்கின்றனர். மணலோட்டத்தின் கதையும் மூழ்கிய கப்பலின் கதையும் அந்த மனிதரிடத்திலேயே சேர்ந்திருக்கின்றன.

ஆகவே செய்யத்தக்கன யாவை? முதலாவது, ஒரு தொகுப்பு. வலை சிக்கும் இடங்களுக்கும் மீன் கூடும் பார்களுக்கும் நம் மீனவர் பெயரிட்டு வைத்துள்ளனர். கரையிலுள்ள மினாராவையும் மரத்தையும் மலையையும் ஒரு நேர்கோட்டில் வைத்து அவ்விடங்களைக் கணிக்கின்றனர். இப்பெயர்களையும் குறிகளையும் ஊரூராகத் திரட்டுவதற்கு நீந்தத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. குறிப்பேடும் பணிவும் போதும். ஆழிப்பேரலைக்குப் பின் அம்முதியவர்களில் எஞ்சியோர் சிலரே. அவர்களும் நீண்ட காலம் இரார். இரண்டாவது, வாசிப்பு. பாரசீக, அரபு எழுத்தறிந்தோரும் ஒல்லாந்த மொழியைக் கற்க முன்வருவோரும் இத்துறைக்குத் தேவை. மூன்றாவது, பயிற்சி. காலித் துறைமுகத்தில் 1659இல் ஒதுங்கி உடைந்த அவொன்ட்ஸ்டர் என்னும் ஒல்லாந்தக் கப்பல் ஐந்து மீற்றர் அளவு ஆழத்திலேயே கிடக்கின்றது. அதனை ஆராய்வதற்காக 2001இல் காலியில் கடல்சார் தொல்லியற் பிரிவொன்று அமைக்கப்பட்டு, இந்நாட்டு இளைஞரே சுழியோடவும் அளக்கவும் வரையவும் பயிற்றப்பட்டனர். அவர்களுடைய நிலையத்தையும் 2004இன் அதே பேரலை அழித்தது. அவர்கள் மீண்டும் தொடங்கினர். தெற்கில் இயன்றது கிழக்கில் இயலாதா? தமிழில் பயிற்றுவிக்கும் அத்தகைய நிலையமொன்று இக்கரைக்கு வேண்டும் என்று மாணவரும் விரிவுரையாளரும் சேர்ந்து கேட்க வேண்டும். கேட்டுப் பெறாவிடின் தொடங்கிக் காட்ட வேண்டும்.

நான்காவதாக ஓர் ஒழுக்கம். கண்டதை எடுக்காதிருத்தல், தொட்டதைப் பெயர்க்காதிருத்தல், அளந்து எழுதிவிட்டு வருதல். ஹேர்மிஸ் ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கின்றது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்குரிய நாற்பது மீற்றர் எல்லைக்கு அப்பாற்பட்டது. அங்கே நாம் செல்ல வேண்டியதில்லை. அது அடக்கத்தலம், அடக்கத்தலத்துக்குரிய மரியாதை அதற்குண்டு. கரைக்கு அண்மையில், ஆழங் குறைந்த பாறைகளில் தொடங்குவோம்.

சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே, 2020 செப்டெம்பரில், 270,000 தொன் மசகு எண்ணெயுடன் நியூ டயமண்ட் என்னும் கப்பல் தீப்பற்றி எரிந்தது நமக்கு நினைவிருக்கும். உலகின் கப்பல்கள் இன்றும் நம் வாசலைக் கடந்தே செல்கின்றன, என்றும் சென்றன, சில இங்கேயே தங்கிவிட்டன. தங்கிய விருந்தினரின் பெயரையும் ஊரையும் கேட்டறிவது நம் மண்ணின் பண்பு. கடலடியில் தங்கியவரிடம் மட்டும் நாம் இன்னும் கேட்கவில்லை. கேட்கும் மொழியைக் கற்போம். அதற்கு நீருக்குள் இறங்குவோம்.